மௌனச் சட்டாம்பிள்ளை: வேலையிடத்து மதிப்புரைகளை வாசிப்பது குறித்து

1

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையிலிருந்த நியூ லானார்க் பஞ்சாலையின் நிர்வாகத்தை ராபர்ட் ஓவன் 1800ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டார். சோஷலிச வரலாறு எழுதுகிறவர்கள் 'கற்பனாவாதி' என்ற அடைமொழியோடு ஒரு பத்தியில் கடந்துபோகிற அதே ஓவன்தான். கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி, தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர் என்கிற பெருமைகள் அவருக்கு உண்டு. அந்தப் பெருமைகளோடு சேர்த்துப் பேசவேண்டிய இன்னொரு சின்னப் பொருளும் உண்டு. அது ஒரு மரக்கட்டை.

சுமார் இரண்டு அங்குல நீளம், ஓர் அங்குல அகலம். நாலு பக்கம், நாலு நிறம். ஆலையில் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி அது தொங்கும். முந்தின நாள் அந்த ஆள் நடந்துகொண்ட விதம் மோசம் என்றால் கறுப்புப் பக்கம் முன்னால் இருக்கும். சுமார் என்றால் நீலம், நல்லது என்றால் மஞ்சள், மிக நல்லது என்றால் வெள்ளை. நிறத்தைத் திருப்பி வைப்பவர் அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர். மேற்பார்வையாளருக்கும் ஒரு கட்டை உண்டு; அதை ஆலைத் தலைவர் திருப்புவார். ஓவன் ஆலைக்குள் நடந்து வருவார், ஆளைப் பார்ப்பார், கட்டையைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். நிறங்கள் பிறகு எண்களாகும். வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 4. ஞாயிறு தவிர எல்லா நாளும் 'குணப் பதிவேடு' என்ற புத்தகத்தில் ஏறும். ஓவன் 1857இல் வெளியிட்ட தன் வாழ்க்கை வரலாற்றில் இதையெல்லாம் பெருமிதத்தோடு எழுதியிருக்கிறார். முதலில் கறுப்பே மிகுந்திருந்ததாம். பிறகு நீலம், பிறகு மஞ்சள் என்று மாறி, கடைசியில் வெள்ளையும் தென்பட ஆரம்பித்ததாம்.

மரக்கட்டைக்கு அவர் வைத்த பெயரை 'மௌன மானிட்டர்' எனலாம். எனக்கு அதை 'மௌனச் சட்டாம்பிள்ளை' என்று மொழிபெயர்க்கவே ஆசை. இந்த மொழிபெயர்ப்பு வெறும் வேடிக்கை இல்லை. அதற்குப் பின்னால் ஒரு சென்னைக் கதை இருக்கிறது.

2

1789இல் சென்னை எழும்பூரில், இராணுவத்தினரின் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட ஆண்கள் அனாதை விடுதியின் பொறுப்புக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் வந்தார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அதைச் செய்ய நினைத்தார். உதவி ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. ஆகவே பெரிய பையனைக் கொண்டு சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் திண்ணைப் பள்ளிகளுக்கு இது புதுசு இல்லை. உபாத்தியாயர் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் சட்டாம்பிள்ளையை உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்கள் அறிவார்கள். பெல் 1797இல் தன் சோதனையை லண்டனில் நூலாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் இதைப்போன்ற முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவருக்கு ஓவன் பணம் கொடுத்து ஆதரித்தார். வகுப்பறை மானிட்டரும் ஆலை மானிட்டரும் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

பெல்லின் விடுதியில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பையன்களின் குற்றங்களைக் குறித்துவைக்க ஒரு கறுப்புப் புத்தகம். வாரத்துக்கு ஒருமுறை அது எல்லோர் முன்னிலையிலும் திறக்கப்படும். பையன்களே கூடி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். உடன் வேலை செய்பவர்களின் கருத்தைக் கேட்டு ஒருவரை மதிப்பிடும் இன்றைய வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான ஒரு மூதாதையை நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் சிறுபத்திரிகை வாசகருக்கு ஃபூக்கோ நினைவுக்கு வந்துவிடுவார். 1975இல் வந்த சிறைச்சாலை பற்றிய அவரது நூலில் தேர்வு, பதிவேடு, படிநிலைக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து தனிமனிதரை ஒரு 'கேஸ்' ஆக மாற்றுவதை விவரித்திருக்கிறார். ஓவனின் கட்டையை அந்தச் சட்டகத்துக்குள் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். இந்தப் பொருத்தம்தான் என்னை உறுத்துகிறது. எல்லாவற்றையும் கண்காணிப்பு என்று சொல்லி முடித்துவிட்டால், ஒரு கண்காணிப்புக்கும் இன்னொரு கண்காணிப்புக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படாமல் போய்விடும். வேலை செய்கிற ஆளுக்கோ அந்த வித்தியாசம்தான் சோறு.

ஓவனின் விவரணையில் எளிதாகத் தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு விதி இருக்கிறது. மேற்பார்வையாளர் வைத்த நிறம் நியாயமில்லை என்று ஒருவர் நினைத்தால், ஆணோ பெண்ணோ, நேராக ஓவனிடம் வந்து முறையிடலாம். அவர் ஊரில் இல்லாவிட்டால் ஆலைத் தலைவரிடம். எப்போது? எண் பதிவேட்டில் ஏறுவதற்கு முன்னால். இந்த 'முன்னால்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டுகிறேன். தன்னைப் பற்றிய பிரதி முடிவு பெறுவதற்கு முன்பு அதில் குறுக்கிட ஒரு தொழிலாளிக்கு, குறைந்தபட்சம் விதியளவிலாவது, இடம் இருந்தது. வேலையிடத்து மதிப்புரைகளின் வரலாறு என்பது இந்த இடம் எப்போது மூடப்பட்டது, எப்போது திறந்தது என்கிற வரலாறுதான் என்பது என் வாதம்.

3

அது நன்றாக மூடப்பட்ட இடம் நம் நாட்டு அரசு அலுவலகம். 'சி.ஆர்.' என்று சொன்னாலே குமாஸ்தாவிலிருந்து பொறியாளர் வரை குரல் தாழ்ந்துவிடும். ஆண்டு மந்தண அறிக்கை. மேலதிகாரி எழுதுவார், அவருக்கு மேலே இருப்பவர் பார்வையிடுவார், உறையில் போய்விடும். ஓவனின் கட்டை எல்லோருக்கும் தெரியும். அதில் சொல் இல்லை. மந்தண அறிக்கையில் சொல் உண்டு. எழுதப்பட்டவருக்கு அது தெரியாது. பாதகமான குறிப்பு இருந்தால் மட்டும் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. ஆகவே வருஷக் கடைசியில் ஒன்றும் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று ஊழியர் அர்த்தப்படுத்திக்கொள்வார். மௌனமே செய்தி.

இந்த எழுத்துவகைக்குத் தனி இலக்கணம் இருந்தது. நேர்மை என்று ஒரு பத்தி. சந்தேகம் இல்லையென்றால் 'சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது' என்று எழுதவேண்டும். சந்தேகம் இருந்தால் அந்தப் பத்தியைக் காலியாக விட்டுவிட்டு, தனியே ஒரு இரகசியக் குறிப்பு எழுதவேண்டும். காலியிடம் ஒரு குற்றச்சாட்டாக மாறுகிற இப்படிப்பட்ட குறியை எந்தக் குறியியல் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஒரு சொல்லின் மதிப்பு அந்தச் சொல்லுக்குள் இல்லை, அதே அமைப்பில் பக்கத்தில் இருக்கும் சொற்களோடு அதற்குள்ள வேறுபாட்டில் இருக்கிறது என்று சசூர் சொன்னார். அவருடைய வகுப்புரைகள் 1916இல் நூலாயின. நமக்கு இது அன்றாடம் தெரிந்த சங்கதிதான். சாம்பார் 'பரவாயில்லை' என்றால் பாராட்டு. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் 'பரவாயில்லை' என்றால் தரகர் வேறு ஜாதகம் தேடவேண்டியதுதான். சொல் ஒன்றே, அளவுகோல் வேறு.

'நன்று' என்ற சொல்லுக்கு இதே கதி நேர்ந்தது. எல்லைச் சாலைகள் அமைப்பைச் சேர்ந்த செயற்பொறியாளர் ஒருவர் கண்காணிப்புப் பொறியாளர் பதவி உயர்வுக்குக் காத்திருந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகளும் 'மிக நன்று' வாங்கியிருக்கவேண்டும். அவருக்கு 1993-94ஆம் ஆண்டுக்கு மட்டும் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வு போயிற்று. 'நன்று' பாதகமான குறிப்பு அல்லவே என்பதால் அவருக்கு அது தெரிவிக்கப்படவும் இல்லை. அகராதிப்படி பார்த்தால் நிர்வாகத்தின் பக்கம் நியாயம். அமைப்பின்படி பார்த்தால் அந்த இடத்தில் 'நன்று' என்றாலே 'வேண்டாம்' என்று பொருள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 மே 12 அன்று நீதிபதிகள் எச்.கே.சேமா, மார்க்கண்டேய கட்ஜு ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்புச் சொன்னது. நல்லதோ கெட்டதோ, எந்தக் குறிப்பானாலும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிந்தால்தான் அவர் திருத்திக்கொள்ளவோ மறுத்து எழுதவோ முடியும். தெரிவிக்காமல் இருப்பது அரசியலமைப்பின் 14ஆம் பிரிவுக்கு விரோதம் என்றது. ஒரு சொல்லின் பொருள் அதன் விளைவைக் கொண்டே தீர்மானிக்கப்படவேண்டும் என்ற அளவில், நீதிமன்றம் நல்லதொரு மொழியியல் வாசிப்பைச் செய்திருக்கிறது. ஆனால் அந்தப் பொறியாளர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். தன்னைப் பற்றிய ஒற்றைச் சொல்லுக்கு முறைப்படி பதில் எழுதும் வாய்ப்பு பதினான்கு வருஷம் கழித்து, நாற்காலியை விட்டு எழுந்தபிறகு கிடைத்தது. இதை நீதி என்பதா, பிரதிக்கும் வாசகனுக்கும் இடையிலான தூரம் என்பதா?

2009 மே 14 அன்று மத்திய அரசு உத்தரவு போட்டது. மந்தண அறிக்கை என்ற பெயர் போய், ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை என்றாயிற்று. முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்டவேண்டும். மறுத்து எழுத அவருக்குப் பதினைந்து நாள் உண்டு. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 2013இல் அந்த 2008 தீர்ப்பின் கருத்தை உறுதிசெய்தது.

4

தனியார் அலுவலகங்களில் வேறொரு சொல் புழங்குகிறது: 'ஃபீட்பேக்'. பின்னூட்டம் என்று தமிழாக்கியிருக்கிறோம். இது மின்பொறியியலின் சொல். ஒரு கருவியிலிருந்து வெளியேறும் சமிக்ஞையில் ஒரு பகுதியைத் திரும்ப அதன் உள்வாயிலுக்கே அனுப்புவது. நார்பர்ட் வீனர் 1948இல் வெளியிட்ட 'சைபர்னெடிக்ஸ்' நூல் இதை உயிரினத்துக்கும் எந்திரத்துக்கும் பொதுவான கோட்பாடாக ஆக்கியது. மனித உறவுகளுக்குள் இந்தச் சொல் நுழைந்தது உளவியலாளர் கர்ட் லெவின் வட்டத்தின் வழியாக.

1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இனப் பாகுபாட்டை எதிர்த்து வேலை செய்பவர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. பகலில் குழு விவாதம். இரவில் லெவினும் சக ஆய்வாளர்களும் கூடி, பங்கேற்பாளர்கள் அன்று நடந்துகொண்ட விதத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒருநாள் இரவு பங்கேற்பாளர்கள் மூன்று பேர் தாங்களும் உட்கார்ந்து கேட்கலாமா என்று கேட்டார்கள். லெவின் சரி என்றார். தன்னைப் பற்றிய விவரணையைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி குறுக்கிட்டார்: அது அப்படி நடக்கவில்லை. ஆய்வாளருக்கும் அவருக்கும் வாக்குவாதம். அடுத்த இரவு மேலும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். 1947இல் மேய்ன் மாநிலத்தின் பெத்தெல் நகரில் தொடங்கிய தேசியப் பயிற்சிக் களமும், அதன் வழியே நிறுவனங்களுக்குள் பரவிய 'ஃபீட்பேக்' கலாசாரமும் இந்த இரவிலிருந்துதான் கிளைத்தன.

இந்தத் தொடக்கத்தை நாம் மறந்துவிட்டோம். மனிதர்களிடையே பின்னூட்டம் என்பது பிறந்த அந்த இரவில், விவரிக்கப்பட்டவர் எழுந்து மறுத்தார். சுற்று என்றால் போவதும் வருவதும். மேலிருந்து கீழே மட்டும் போகிற ஒன்றைப் பொறியாளர்கள் அந்தப் பெயரால் அழைக்கமாட்டார்கள். அதற்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: தாக்கீது.

பிறகு வந்த நிறுவன வரலாறு பெயரை வைத்துக்கொண்டு சுற்றை அறுத்தது. 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் ஊழியர்களை 20, 70, 10 என்று பிரித்தார். மேலே 20 விழுக்காட்டினருக்கு வெகுமதி, கீழே 10 விழுக்காட்டினருக்குக் கதவு. மைக்ரோசாஃப்ட் இதேபோன்ற தரவரிசையைப் பல காலம் நடத்திவிட்டு 2013 நவம்பரில் கைவிட்டது. நான் என்ன செய்தேன் என்பதல்ல, பக்கத்து நாற்காலிக்காரர் என்ன செய்தார் என்பதே என் இடத்தைத் தீர்மானிக்கும். சசூர் சொன்ன வேறுபாட்டுத் தத்துவம் சம்பளச் சீட்டில் அச்சாகிவிட்டது! இப்படிப்பட்ட அளவுகோலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் போய் 'உன் சகாவைப் பற்றிச் சொல்' என்று கேட்டால், அவர் சொல்வது சாட்சியமா, வேட்புமனுவா?

5

இனி வாசிப்புக்கு வருவோம். நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற இடத்தில் ஒரு தம்பி இரண்டு இரவு தூங்காத கண்ணோடு வந்து ஒரு தாளை நீட்டினான். "அண்ணே, நீங்க தமிழ் எம்.ஏ. தானே, இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க." சகாக்கள் மூன்று பேர் பெயர் இல்லாமல் எழுதியிருந்தார்கள். ஒருவர்: எப்போதும் உதவுவார். இன்னொருவர்: கேட்டால்தான் உதவுவார். மூன்றாமவர்: தன் வேலையை விட்டுவிட்டு அடுத்தவர் வேலையில் தலையிடுவார். கீழே மேனேஜர் தொகுத்து ஒரு வரி: குழுவோடு இன்னும் ஒத்துழைக்கலாம்.

அவன் யார் எதை எழுதியிருப்பார் என்ற துப்பறிதலில் இருந்தான். "யாருன்னு தேடாதப்பா, எங்க உட்கார்ந்து எழுதினதுன்னு பாரு" என்றேன். மூன்றும் ஒரே பழக்கத்தைப் பற்றியவை என்பது கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் தெரியும்: பக்கத்து மேசைக்குப் போய் உதவுவது. பக்கத்தில் இருப்பவருக்கு அது உதவி, தொலைவில் இருப்பவருக்கு அது கிடைக்காத உதவி, தன் வேலையை யாரும் தொடக்கூடாது என்று நினைப்பவருக்கு அது தலையீடு. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் 'சராசரி அவன்' எங்கேயும் இல்லை.

இது என் இலக்கிய விமர்சனப் பழக்கத்தின் கோளாறு என்று யாரும் நினைக்கவேண்டாம். ஸ்கல்லன், மவுண்ட், காஃப் ஆகிய மூவர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், 4,492 மேலாளர்களை அவர்களது மேலதிகாரிகளும் சகாக்களும் கீழே வேலை செய்பவர்களும் மதிப்பிட்டதைப் பகுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண்களின் ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல் மதிப்பிடுகிறவரின் தனிப்போக்கிலிருந்தே வந்தது. இரண்டு தரவுத் தொகுதிகளில் 62, 53 விழுக்காடு. மதிப்புரை எழுதப்பட்டவரை விட எழுதியவரைப் பற்றியே அதிகம் சொல்கிறது. நாங்கள் புத்தகங்களுக்கு எழுதும் மதிப்புரைகளைப் பற்றி வாசகர்கள் ரொம்ப நாளாய்ச் சொல்லிவருவதும் இதைத்தானே!

அதற்காக 'எல்லாம் அவரவர் பார்வை' என்று தாளைக் கிழித்துப் போடவும் முடியாது. மீதிப் பங்கு இருக்கிறது. அதில் நம்மைப் பற்றிய உண்மையும் இருக்கிறது. அதை வெளியே எடுப்பது எப்படி? க்ளூகரும் டெநிசியும் 1996இல், முந்தைய ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பின்னூட்டம் சராசரியாக வேலையை மேம்படுத்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் வேலை முன்னைவிடக் கெட்டது. கவனம் வேலையிலிருந்து விலகி 'நான் யார்' என்பதன் பக்கம் திரும்பத் திரும்பப் பயன் குறைகிறது என்பது அவர்கள் முடிவு. தம்பியின் இரண்டு இரவுத் தூக்கத்தைத் தின்றது எது என்று இதிலிருந்து விளங்கும். 'ஒத்துழைப்பு' என்பது வேலையைப் பற்றிய சொல் மாதிரி உடுத்திக்கொண்டு வந்த, குணத்தைப் பற்றிய சொல். ஓவனின் பதிவேட்டுக்கே 'குணம்' என்றுதான் பெயர்.

அவனிடம், மேனேஜரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: எந்த வேலையில், எந்த நாளில்? கேட்டான். அவர் கொஞ்சம் யோசித்து ஒரு புதன்கிழமையைச் சொன்னார். அன்று அவன் பக்கத்து மேசைக்கு உதவிக்கொண்டிருந்ததில், அடுத்த ஷிப்டுக்குப் போகவேண்டிய கோப்பு தாமதமாகி, அவர்கள் இரவு காத்திருந்தார்கள். அவனுக்கு அது தெரியாது. தெரிந்ததும் ஒப்புக்கொண்டான், கோப்பை அனுப்பிவிட்டுத்தான் இப்போது எழுந்து போகிறான். தரம் மாறவில்லை, சம்பளமும் கூடவில்லை. ஆனால் 'ஒத்துழைப்பு' என்ற பெரிய சொல்லுக்குள்ளிருந்து ஒரு புதன்கிழமை வெளியே வந்தது. புதன்கிழமையைத் திருத்தலாம். குணத்தை என்ன செய்வது?

ஆக, ஒரு மதிப்புரை கையில் வந்தால், அது சரியா தப்பா என்பதற்கு முன் கேட்கவேண்டியவை வேறு. இதை எழுதியவர் எந்த நாற்காலியில் இருக்கிறார்? அவர் யாரை நினைத்து எழுதினார்: என்னையா, தனக்கு மேலே உள்ளவரையா? இந்தச் சொல்லுக்கு மேலேயும் கீழேயும் அளவுகோலில் என்ன சொற்கள் இருக்கின்றன? இதற்குள் எந்தப் புதன்கிழமை இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு மட்டும் தாளில் விடை இருக்காது. எழுதியவரிடம் போய்த்தான் கேட்கவேண்டும். அதனால்தான் பதில் பேசும் இடம் என்பதை வெறும் உரிமைப் பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. அது இல்லாமல் அந்தப் பிரதிக்குப் பொருளே முழுமைப்படுவதில்லை.

2009 உத்தரவின் பதினைந்து நாள் தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. அங்கே பெரும்பாலும் படிவத்தின் கடைசியில் 'பணியாளர் கருத்து' என்று ஒரு கட்டம் இருக்கும். நான் பார்த்தவரை அநேகர் அதில் 'ஏற்கிறேன்' என்று எழுதுகிறார்கள். இல்லாவிட்டால் காலியாக விட்டுவிடுகிறார்கள். காரணம் தெரிந்ததுதான். பதில் எழுதியவருக்கு அடுத்த வருஷம் 'விமர்சனத்தை ஏற்கும் பக்குவம் தேவை' என்று ஒரு வரி சேரும். வீட்டுக் கடனும் பிள்ளைகள் பள்ளிக் கட்டணமும் உள்ளவர் அந்த வரியை விலைகொடுத்து வாங்கமாட்டார். தன் ஆலையில் நிறத்தைப் பற்றிய முறையீடுகள் மிக அரிதாகவே வந்தன என்று ஓவன் எழுதியிருக்கிறார். தன் முறை நியாயமானது என்பதற்கு அதையே சான்றாக அவர் எடுத்துக்கொண்டார். மேற்பார்வையாளரின் கையில் நாளைய நிறமும் இருக்கிறது என்பதை அறிந்த அந்தப் பஞ்சாலைப் பெண்கள் அதை எப்படி வாசித்திருப்பார்கள் என்பது குணப் பதிவேட்டில் இல்லை. அதற்கென்று அதில் ஒரு பத்தி விடப்படவில்லை.